வேலை, ஷிப்ட், மனசு: வடசென்னையில வேலை பாக்குறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு ஃபேக்டரில பர்சனல் டிபார்ட்மென்ட்ல இருக்கேன். டாக்டர் இல்ல. ஆனா லீவு லெட்டர், இஎஸ்ஐ (தொழிலாளிங்களுக்கான அரசு காப்பீடு) ஃபார்ம், மெமோ எல்லாமே என் டேபிள் வழியாத்தான் போகுது, அதனால எவன் மனசு எங்க உடையுதுன்னு கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சுடும். கேண்டீன்லயும் டைம் ஆபீஸ் வாசல்லயும் நின்னு மெதுவா கேக்குற கேள்விங்க இவை. அங்க நின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியாதத இங்க எழுதுறேன்.

மனநலம்லாம் ஓஎம்ஆர் ஐடி கம்பெனிக்காரங்களுக்குதானேணா, நமக்கு இன்னாத்துக்கு?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல போர்ட்டுக்குள்ள போக கண்டெய்னர் வண்டிய வரிசைல போட்டுட்டு ஸ்டியரிங் மேலயே சாஞ்சு தூங்குற டிரைவர், மணலில இன்னும் எத்தன மாசம் காண்ட்ராக்ட் ஓடும்னு தெரியாம வெல்டிங் அடிக்கிற பையன், பழைய வண்ணாரப்பேட்டை எம்சி ரோடு ஜவுளிக்கடைல தீபாவளி சீசன்ல நின்னுட்டே இருக்குற அக்கா, காசிமேட்டுல விடியுறதுக்கு முன்னாடியே மீன் ஏலத்துக்கு நிக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் மனசு இல்லையா? உலக சுகாதார நிறுவனம் 2019 கணக்குப்படி வேலை பாக்குற வயசுல இருக்குறவங்கள்ல 15 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநல பிரச்சனை இருந்துச்சுன்னு சொல்லுது. மனச்சோர்வு, பதட்டம் இந்த ரெண்டால மட்டும் உலகம் முழுக்க வருஷத்துக்கு 1200 கோடி வேலை நாள் வீணாகுதுன்னும் அதே நிறுவனம்தான் சொல்லுது. இதுல பெரிய பில்டிங்ல ஏசில உக்காந்திருக்குறவங்க மட்டுமா இருக்காங்க.

ஒண்ணு மட்டும் வேற. நம்ம பக்கம் யாரும் வந்து எனக்கு டிப்ரஷன்னு சொல்ல மாட்டாங்க. "தல பாரமாவே இருக்கு", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "வயிறு சரியில்ல", "எது பண்ணாலும் பேஜாரா இருக்குணா", இப்படித்தான் வரும். ஈசிஜி எடுப்பாங்க, ஸ்கேன் எடுப்பாங்க, எல்லாம் நார்மல்னு வரும், அப்புறம் "நடிக்கிறான்"னு பேர் வாங்கிடுவாங்க. அந்தப் பேர் வந்துட்டா அந்த ஆளு அதுக்கப்புறம் யார்கிட்டயும் வாய தொறக்க மாட்டாரு.

வேலைன்னா டென்ஷன் இருக்கத்தான செய்யும், எது நோய் எது டென்ஷன்னு எப்படி தெரியும்?

டென்ஷன்னா காரணம் போனதும் அதுவும் கொறஞ்சுடும். ஆடிட் முடிஞ்சா, ஷிப்மென்ட் போயிட்டா, அன்னைக்கு நைட்டு தூக்கம் வந்துடும். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து தூக்கம் இல்ல (இல்லன்னா எந்நேரமும் தூக்கம்), சாப்பாடு எறங்கல, புடிச்ச விஷயம்கூட புடிக்கல, ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் கிரவுண்டுக்கு தவறாம போறவன் கட்டில விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்குறான், நான் எதுக்கும் லாயக்கில்லன்னு சொல்றான்னா அது டாக்டர் பாக்க வேண்டியது. பர்ன் அவுட்னு இப்போ எல்லாரும் சொல்றாங்கல்ல, அத உலக சுகாதார நிறுவனம் 2019ல நோய்னு சொல்லல, சரியா கையாளாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால வர்ற நிலைமைன்னுதான் சொல்லிச்சு. எனக்கு அது முக்கியமா படுது, ஏன்னா அப்போ சரி பண்ண வேண்டியது ஆள மட்டும் இல்ல, வேலையையும்தான்.

கம்பெனில யோகா கிளாஸ் வைக்கிறாங்க, மோட்டிவேஷன் ஸ்பீச் வைக்கிறாங்க, அது போதாதா?

யோகா நல்லதுதான், நான் வேணாம்னு சொல்லவே இல்ல. ஆனா பன்னெண்டு மணி நேரம் டியூட்டி பாத்தவன டீ பிரேக்குல மூச்ச இழுத்து விடச் சொல்லிட்டு, மறுநாள் ஷிப்ட் எதுன்னு ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்ல போட்டா அந்த யோகாவால என்ன பிரயோஜனம்?

நம்ம ஏரியாவுக்கு இதுல ஒரு பெரிய வரலாறே இருக்கு. பெரம்பூர்ல 1918 ஏப்ரல் 27ஆம் தேதி பி.பி.வாடியா, திரு.வி.க. எல்லாம் சேந்து மெட்ராஸ் லேபர் யூனியன ஆரம்பிச்சாங்க, இந்தியாவுல ஒழுங்கா அமைஞ்ச முதல் தொழிற்சங்கம்னு அதத்தான் சொல்றாங்க. பின்னி மில்லு தொழிலாளிங்க அப்போ வச்ச ஆரம்பக் கோரிக்கைங்கள்ல ஒண்ணு மத்தியான சாப்பாட்டுக்கு விடுற நேரம் பத்தல, இன்னும் பத்து நிமிஷம் சேத்துக் குடுங்கங்கிறது. மனநலம்ங்கிற வார்த்தைய யாரும் அன்னைக்கு சொல்லல, ஆனா உக்காந்து நிம்மதியா சோறு திங்கணும்னு கேட்டாங்க பாருங்க, நான் பேசுறதும் அதத்தான். ஒருத்தனோட மனசு கெடாம இருக்க முதல்ல வேணும்ங்கிறது சரியான நேரத்துக்கு சம்பளம், முன்கூட்டியே தெரிஞ்ச ஷிப்ட், வாரத்துல ஒரு நாள் லீவு, சுத்தமான பாத்ரூம், மனுஷன மனுஷனா கூப்புடுற சூப்பர்வைசர். இதெல்லாம் இருந்து அதுக்கு மேல கவுன்சிலிங் வச்சா அது நல்லா வேலை செய்யும்.

நான் லைன் சூப்பர்வைசர். என் கையில என்னணா இருக்கு, மேல சொல்றத நான் கீழ சொல்றேன்.

தம்பி, உங்க கையிலதான் பாதி இருக்கு. மேனேஜர் மாசத்துக்கு ஒருவாட்டி வருவாரு, நீங்கதான் தினம் மூஞ்சி பாக்குறீங்க. திட்டணும்னாகூட தனியா கூட்டிட்டுப் போய் சொல்லுங்க, பத்து பேர் முன்னாடி அம்மாவ அக்காவ இழுத்து பேசுன வார்த்தைய அந்த ஆளு ரிட்டயர் ஆகுற வரைக்கும் மறக்க மாட்டான். அடுத்த வாரத்து ஷிப்ட் சார்ட்ட இந்த வாரமே ஒட்டுங்க. யாரு ஓவர்டைம் கேட்டாலும் உடனே குடுக்காதீங்க, சில பேரு கந்து வட்டிக்காரனுக்கு பயந்து வீட்டுக்கே போகாம டபுள் டியூட்டி போடுவாங்க, அத பாத்து "கடின உழைப்பாளி"ன்னு பாராட்டிட்டு போயிடாதீங்க, என்னப்பா வீட்ல ஏதாவது பிரச்சனையான்னு ஒரு வார்த்தை கேளுங்க. நல்லா வேலை பாத்துட்டு இருந்தவரு திடீர்னு லேட், திடீர்னு மிஸ்டேக், ஹெல்மெட் போட மறக்குறாருன்னா மெமோ டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு டீ வாங்கிக் குடுத்து பேசுங்க. கிரேன் ஓட்டுறவரு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவரு, ஹைட்ல வேலை செய்றவரு நாலு நாளா தூங்கலன்னு சொன்னா அன்னைக்கு அவர கீழ வேற வேலைல போடுங்க, சம்பளம் கொறையாம. சம்பளம் கொறஞ்சா அடுத்த தடவ அவரு உங்ககிட்ட சொல்லவே மாட்டாரு.

மேல இருந்து வர்ற பிரஷர அப்படியே கீழ தள்ளாம நடுவுல நின்னு தாங்குறது உங்களுக்கும் கஷ்டம்னு தெரியும். உங்களுக்கும் தூக்கம் போச்சுன்னா கீழ சொல்லியிருக்குறதெல்லாம் உங்களுக்கும்தான்.

கூட வேலை பாக்குறவரு ஆளே மாறிட்டாரு. போய் எப்படிப் பேசறது, தப்பா எடுத்துப்பாரா?

கூட்டத்துல கேக்காதீங்க. ஷிப்ட் முடிஞ்சு கேட் தாண்டி நடக்கும்போது, பைக் நிறுத்துற எடத்துல, அந்த மாதிரி எடத்துல கேளுங்க. "என்ன ஆச்சு உனக்கு"ன்னு கேட்டா "ஒண்ணும் இல்ல"ன்னுதான் வரும். "கொஞ்ச நாளா நீ சாப்பாட்டு டப்பாவ தொறக்காமயே எடுத்துட்டுப் போறத பாத்தேன்"னு கண்ணால பாத்தத சொல்லுங்க. அப்புறம் வாய மூடிக்கிட்டு கேளுங்க, அதுதான் நம்ம ஆளுங்களுக்கு கஷ்டம், உடனே அட்வைஸ் ஆரம்பிச்சுடுவோம், கோயிலுக்குப் போ, கல்யாணம் பண்ணிக்கோ, உன்னவிட கஷ்டப்படுறவன் எத்தன பேருன்னு. அதெல்லாம் வேணாம். கடைசில "நாளைக்கு நானும் கூட வரேன், ஒருவாட்டி டாக்டர பாத்துட்டு வந்துடலாம்"னு சொல்லுங்க. போன்னு சொல்றதுக்கும் வான்னு சொல்றதுக்கும் ரொம்ப தூரம் இருக்கு.

"இருந்து என்ன ஆகப்போகுது"ன்னு ஒருத்தர் சொன்னாரு. விளையாட்டா சொல்றாரா நெஜமாவா தெரியல.

நெஜம்னே எடுத்துக்கோங்க. "செத்துடலாம்னு நினைக்கிறியா"ன்னு நேராவே கேளுங்க. அப்படி கேட்டா நாமளே ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிடுமோன்னு எல்லாரும் பயப்படுறாங்க, அப்படி ஆகாது, கேட்டா மனசு பாரம் எறங்கும், அழுவாங்க, பேசுவாங்க. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, வீட்ல நம்பிக்கையான ஒருத்தருக்கு சொல்லுங்க, அந்த நேரத்துல ரகசியம் காப்பாத்துறேன்னு சத்தியம் பண்ணாதீங்க. உடனே 14416க்கு போன் போடுங்க, இது டெலிமானஸ், மத்திய அரசு 2022 அக்டோபர் 10ல ஆரம்பிச்சது, நம்ம தமிழ்நாட்டுல நட்புடன் உங்களோடுன்னு பேரு, இருபத்திநாலு மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம், மொதல்ல கவுன்சிலர் பேசுவாங்க, தேவைன்னா மனநல டாக்டருக்கு மாத்தி விடுவாங்க. சென்னையில சிநேகான்னு ஒரு தற்கொலை தடுப்பு அமைப்பு 1986லேருந்து இருக்கு, நம்பர் 044 24640050. தமிழ்நாடு அரசோட மருத்துவ உதவி நம்பர் 104லயும் பேசலாம். உயிருக்கு ஆபத்தான நிலைமைன்னா யோசிக்காம 108, நேரா பக்கத்துல இருக்குற அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சி.

போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகாம விடுறவங்க இன்னும் இருக்காங்க, அதனால இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். 2017 மனநல பராமரிப்பு சட்டம் 115வது பிரிவுப்படி தற்கொலைக்கு முயற்சி பண்ணவரு கடுமையான மன அழுத்தத்துல இருந்தாருன்னுதான் எடுத்துக்கணும், அவர தண்டிக்கக் கூடாது, அரசாங்கம்தான் அவருக்கு சிகிச்சை, பராமரிப்பு குடுக்கணும்னு இருக்கு. பயப்படாம கூட்டிட்டுப் போங்க.

டாக்டர்கிட்ட போகணும்னா எங்க போறது? பிரைவேட்ல பீஸ் கட்ட முடியாதே.

வடசென்னைல இருந்துட்டு இதுக்கு அலையத் தேவையே இல்ல. பழைய ஜெயில் ரோட்ல ஸ்டான்லி ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, காலைல போய் ஓபி சீட்டு போட்டா போதும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை மேடவாக்கம் டேங்க் ரோட்ல, பெரம்பூர், வில்லிவாக்கம்காரங்களுக்கு ரொம்ப பக்கம். இஎஸ்ஐ இருக்குறவங்க உங்க டிஸ்பென்சரில சொன்னா அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவாங்க. அண்ணா நகர்ல 1984லேருந்து இருக்குற ஸ்கார்ஃப்ங்கிற தொண்டு நிறுவனம், முக்கியமா மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) மாதிரி பெரிய பிரச்சனைங்களுக்கு. அத ஆரம்பிச்சவங்க டாக்டர் சாரதா மேனன், இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர், கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியயே பல வருஷம் நடத்துனவங்க.

கீழ்ப்பாக்கம்னு சொன்னாலே சிரிப்பாங்களே. ஊரு என்ன பேசும், பொண்ணு எவன் குடுப்பான்?

இந்த பயம் நெஜமானது, அத லேசா சொல்ல மாட்டேன். அந்த ஆஸ்பத்திரி 1794லேருந்து இருக்கு, அத்தன வருஷமா அத வச்சு கிண்டலும் இருக்கு. ஆனா ஒருநாள் காலைல அங்க ஓபில போய் உக்காந்து பாருங்க, உங்கள மாதிரி டிபன் பாக்ஸ் எடுத்துட்டு அப்படியே டியூட்டிக்குப் போறவங்கதான் வரிசைல உக்காந்திருப்பாங்க, மாத்திரை வாங்கிட்டு பஸ் ஏறிடுவாங்க. அங்க போனா உள்ள புடிச்சு வச்சுப்பாங்கங்கிறதும் இல்ல, சட்டப்படி நீங்களா சேந்தா நீங்களா டிஸ்சார்ஜும் கேக்கலாம். இருந்தும் அங்க போக மனசு வரலன்னா ஸ்டான்லிக்குப் போங்க, அங்க கால் வலிக்கு வந்தவரும் அதே கேட்லதான் நுழையுறாரு. எங்க போறீங்கங்கிறது பெருசில்ல, போகாம நாள கடத்தாதீங்க.

மாத்திரை ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா போடணுமாமே, அடிமையாயிடுவாங்களாமே?

மனச்சோர்வுக்கு குடுக்குற மாத்திரை அடிமையாக்குற வகை இல்ல. ஆனா வேலை செய்ய ரெண்டு மூணு வாரம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும், அதுக்குள்ள "இது கேக்கல"ன்னு விட்டுடுறாங்க. கொஞ்சம் நல்லா ஆனதும் அவங்களா நிறுத்துறது இன்னொரு தப்பு, டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும். தூக்க மாத்திரை வகைதான் பழக்கமாயிடும், அத மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்கி போடவே போடாதீங்க. டாக்டர்கிட்ட உங்க வேலை என்னன்னு கட்டாயம் சொல்லுங்க, டிரெய்லர் ஓட்டுறேன், நைட் ஷிப்ட், கிரேன் ஆபரேட்டர்னு. தூக்கம் வர்ற மருந்துன்னா நேரத்தயோ மருந்தயோ மாத்திக் குடுப்பாங்க. சொல்லலன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்.

டெய்லி குடிச்சாதான் தூக்கம் வருதுணா.

இந்த கேள்விய நிறைய பேர் கேள்வியாவே கேக்க மாட்டாங்க, அதனால நானே சேத்துக்கிறேன். லோடு எறக்கிட்டு உடம்பு வலிக்குன்னு ஆரம்பிச்சது, அப்புறம் தூக்கத்துக்கு, அப்புறம் காலைல கை நடுக்கத்துக்கு. சாராயம் தூங்க வைக்கும், ஆனா நடு ராத்திரில எழுப்பிடும், மனச்சோர்வையும் அதிகமாக்கும். ரொம்ப முக்கியம்: தினம் நெறைய குடிச்சவரு நாளைலேருந்து தொடவே மாட்டேன்னு திடீர்னு நிறுத்துனா முதல் ரெண்டு மூணு நாள்லயே ஃபிட்ஸ் வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வைல நிறுத்துங்க. ஸ்டான்லிலயும் கீழ்ப்பாக்கத்துலயும் இதுக்கும் பாக்குறாங்க. கம்பெனிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை, குடிச்சுட்டு வந்தா மெஷின்ல விடாதீங்க, அது சரிதான், ஆனா வேலைய விட்டு தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ சிகிச்சைக்கு அனுப்பிப் பாருங்க.

நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா பகல்ல தூங்கவே முடியல.

கொருக்குப்பேட்டைலயோ வியாசர்பாடிலயோ ஒத்த ரூம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெளிய தண்ணி லாரி வந்து கொடம் சண்டை, இதுல பகல்ல தூங்குன்னு சொல்றது ஈஸி. முடிஞ்ச அளவு சொல்றேன். ஷிப்ட்டோட பின்பாதில டீ காபி வேணாம். வீட்டுக்கு வந்ததும் போன எடுக்காம நேரா படுங்க, ஜன்னலுக்கு கெட்டியா ஒரு பழைய போர்வைய கட்டுங்க. அந்த சில மணி நேரம் எழுப்பக் கூடாதுன்னு வீட்ல எல்லார்கிட்டயும் பேசி முடிவு பண்ணுங்க. ஷிப்ட் சார்ட் போடுறவங்களுக்கு: காலை, மத்தியானம், ராத்திரின்னு முன்னோக்கி சுத்துனா உடம்பு ஓரளவு ஏத்துக்கும், ராத்திரி முடிச்சவன உடனே காலை ஷிப்ட்ல போடாதீங்க.

ஆபீஸ்ல சொல்லணுமா? தெரிஞ்சா வேலை போயிடாதா?

சொல்லியே ஆகணும்னு இல்ல. உங்க சிகிச்சை விவரத்த டாக்டரோ ஆஸ்பத்திரியோ வெளிய சொல்லக் கூடாதுன்னு 2017 சட்டத்துலயே இருக்கு. லீவுக்கு ரெஸ்ட் வேணும்ங்கிற சர்டிபிகேட் குடுத்தா போதும். நம்புற ஒருத்தர் மேல இருந்தா அவருகிட்ட மட்டும் எவ்வளவு தேவையோ அவ்வளவு சொல்லுங்க, "ஒரு மாசத்துக்கு நைட் ஷிப்ட் வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு" அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்துள்ள வேலை, மெஷின், ஹைட், டிரைவிங்னா மட்டும் மறைக்காதீங்க. என்னை மாதிரி பர்சனல்ல இருக்குறவங்களுக்கு, ஒருத்தர் உங்ககிட்ட சொன்னது மறுநாள் கேண்டீன்ல சுத்துச்சுன்னா உங்க கம்பெனில அதுக்கப்புறம் எவனும் எதையும் சொல்ல மாட்டான்.

லீவு போட்டா சம்பளம்? இன்சூரன்ஸ்ல வருமா?

மாச சம்பளம் 21,000 வரைக்கும் இஎஸ்ஐ உண்டு. ஆறு மாச கணக்கு காலத்துல 78 நாள் சந்தா போயிருந்தா, உடம்பு சரியில்லாத லீவுக்கு வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் வரும், மனசு சம்பந்தப்பட்ட நோய்க்கும் அதேதான். மனச்சிதைவு, கடுமையான மனச்சோர்வு மாதிரி சிலது நீண்டகால நோய் லிஸ்ட்லயே இருக்கு, அதுக்கு ரெண்டு வருஷ சர்வீஸ் இருந்தா இன்னும் அதிக நாளுக்கு 80 சதவீதம் கெடைக்கும். சர்டிபிகேட் இஎஸ்ஐ டிஸ்பென்சரிலேருந்து ஆரம்பிக்கணும், பிரைவேட் சீட்ட மட்டும் நீட்டுனா அலைய விடுவாங்க. காண்ட்ராக்ட் ஆளுங்க உங்க பேர்ல சந்தா கட்டுறாங்களான்னு இப்பவே பாத்துக்கோங்க, உடம்பு படுத்தப்புறம் பாத்தா லேட். பிரைவேட் மெடிக்ளைம் இருக்குறவங்களுக்கு: மத்த நோய்க்கு எப்படி காப்பீடு குடுக்குறாங்களோ அப்படியே மனநோய்க்கும் குடுக்கணும்னு அந்த 2017 மனநல சட்டம் சொல்லுது, இல்லன்னு சொன்னா எழுத்துல கேளுங்க.

ஜவுளிக்கடைல நிக்கிற பொண்ணுங்களுக்கு?

உக்காரவே விடாம, பாத்ரூம் போனா நேரம் குறிச்சு, அதனால தண்ணியே குடிக்காம இருந்து கிட்னி கெட்டு, மனசும் கெட்டு, இத ஏன் பெரிய விஷயமா யாரும் பேச மாட்டேங்குறாங்கன்னு எனக்கு ஆத்தாமையா இருக்கு. தமிழ்நாட்டுல 2021லயே சட்டம் திருத்தி, கடைல வேலை பாக்குறவங்களுக்கு உக்கார எடம் குடுத்தே ஆகணும்னு கொண்டு வந்தாங்க. ஸ்டூல் கேக்குறது சலுகை இல்லமா, உரிமை. கையப் புடிக்கிறது, அசிங்கமா பேசுறது இருந்தா பத்து பேரோ அதுக்கு மேலயோ உள்ள எடத்துல உள்புகார் குழு இருக்கணும், மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுங்க. சின்ன கடைன்னா மாவட்ட அளவுல குழு இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல கேக்கலாம். தனியா போக பயமா இருந்தா கூட வேலை பாக்குறவங்கள கூட்டிட்டுப் போங்க.

சிகிச்சை முடிஞ்சு ஒருத்தர் திரும்ப வேலைக்கு வராரு. நாங்க என்ன பண்ணணும்?

முதல் நாளே எல்லாரும் சுத்தி நின்னு "இப்போ எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க, பாவமாவும் பாக்காதீங்க. எப்பவும் போல "வா, சாப்ட்டியா"ன்னு கேட்டா போதும். முடிஞ்சா ரெண்டு வாரம் பகல் ஷிப்ட், அதே பழைய டீம். ஒரு மிஸ்டேக் பண்ணா உடனே "மாத்திரை போட்டியா"ன்னு கேக்குற பழக்கம் வேணவே வேணாம், மிஸ்டேக் எல்லாரும்தான் பண்றோம். கத்தியெடுத்து வருவாரோன்னு ஒதுங்கி உக்காருறவங்க சில பேரு இருப்பாங்க, அவங்ககிட்ட சூப்பர்வைசரே தனியா பேசணும், மனநோய் இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க யாரையும் எதுவும் பண்றவங்க இல்லன்னு. அப்புறம் அவரு டாக்டர்கிட்ட போற ரிவ்யூ தேதிய கேட்டு ஷிப்ட் சார்ட்லயே குறிச்சு வச்சுடுங்க. அன்னைக்கு அவர ஓவர்டைமுக்கு கூப்பிடாதீங்க, லீவு கேக்க வைக்காமலே அனுப்பிடுங்க.